பயிர்ச்சேதப் பிராணிகளும் சிறுகுழல் ரைபிளும்: தேர்ந்தெடுக்கும் முறை

விவசாயக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்



விளைந்ததை வீடு சேர்ப்பதற்குள் அதில் பங்கு கேட்க வரும் பிராணிகளைப் பற்றிய பேச்சு நாம் கூடும் கூட்டங்களிலெல்லாம் எழுகின்றது. அப்பொழுது, “மேல்நாட்டு விவசாயிகள் இதற்கென்றே ஒரு சிறு ரைபிளை வைத்துக்கொண்டு இருநூறு, முந்நூறு கெஜ தூரத்திலிருந்தே சுட்டுவிடுகிறார்களாமே, அது எத்தகையது? அதை எப்படிப் பார்த்து வாங்குகிறார்கள்?” என்று அங்கத்தினர் சிலர் கேட்பதுண்டு. அந்தக் கேள்விக்கு விடை கூறுவதே இன்றைய பிரசங்கத்தின் நோக்கமாகும். இவ்வகை ரைபிளும் அதற்குரிய தோட்டாக்களும் பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தோன்றி வளர்ந்தவை. ஆகையால் அந்நாட்டுப் பண்ணைகளை வைத்தே பேசப் போகிறேன். நம் நாட்டின் நிலைமையும் சட்டமும் வேறு. அதைக் கடைசியில் எடுத்துரைப்பேன்.

சொல்ல வேண்டியதன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரைபிள் வாங்க நினைக்கும் விவசாயி கடைக்குப் போவதற்கு முன் தன் வயலுக்குப் போய் நிற்க வேண்டும். சுட வேண்டிய பிராணி எது? அது எவ்வளவு தூரத்தில் காணப்படுகிறது? குறி தவறினால் குண்டு எங்கே போய் விழும்? இம்மூன்றுக்கும் விடை வயலில்தான் இருக்கிறது. அந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவனுக்குக் கடைக்காரன் வேண்டாத பொருளை விற்க முடியாது.

எந்தப் பிராணிக்கு?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள பென்ஸில்வேனியா, நியூயார்க் முதலிய ராஜ்யங்களில் வுட்சக் என்றொரு பிராணி உண்டு. அணில் குலத்தைச் சேர்ந்ததாயினும் தரையில் வளை தோண்டி வாழ்வது. ஐந்து முதல் பத்து ராத்தல் வரை எடையுள்ளது. குளோவர், ஆல்பால்பா முதலிய தீவனப் பயிர்களையும் பீன்ஸ் செடிகளையும் தின்னும். தின்பதைக் காட்டிலும் தோண்டுவதே பெரிய தீங்கு. வளை வாயில் குவிந்து கிடக்கும் மண்ணிலும் கல்லிலும் புல்லறுக்கும் இயந்திரத்தின் கத்தி மோதும்; டிராக்டரின் சக்கரம் வளையில் இறங்கும்; மாடும் குதிரையும் காலை ஒடித்துக்கொள்ளும். களஞ்சியத்தின் அஸ்திவாரத்தடியில் தோண்டுவதும் உண்டு.

இப்பிராணி மிகவும் உஷாரானது. வளையருகில் பின்கால்களில் நிமிர்ந்து நின்று நாற்புறமும் பார்க்கும். ஆள் அரவம் கேட்டால் உடனே உள்ளே புகுந்துவிடும். ரவைத் துப்பாக்கி நாற்பது ஐம்பது கெஜத்துக்கு மேல் உதவாது. அவ்வளவு அருகில் வுட்சக் நம்மை விடாது. மான் வேட்டைக்குரிய பெரிய ரைபிளோ தூரத்துக்கு எட்டும். ஆனால் அதன் கனத்த குண்டு சிறு பிராணியின் உடலைத் துளைத்துக்கொண்டு அப்பாலும் போகும். தரையில் பட்டால் சிதறாமல் எகிறிப் பறக்கும். தோட்டாவின் விலையும் அதிகம். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு கருவி வேண்டியிருந்தது. அதுவே சிறுகுழல் சென்டர்பயர் ரைபிள்.

மேற்குப் பகுதியின் பரந்த புல்வெளிகளில் பிரெய்ரி நாய் என்பது வேறொரு பிராணி. பெயர்தான் நாய், உண்மையில் இதுவும் அணில் குலமே, இரண்டு மூன்று ராத்தல் எடையுள்ளது. கூட்டங்கூட்டமாய் வளை தோண்டி வாழ்வதால் மேய்ச்சல் நிலத்துக்குப் போட்டியென்று பண்ணையாளர் இதைப் பகைக்கின்றனர். ஓநாய் இனத்தைச் சேர்ந்த கயோட்டி ஆட்டுக்குட்டிகளையும் கன்றுகளையும் கொல்வது. நம் நரியைவிடப் பெரியது. இவை மூன்றுக்கும் ஒரே தோட்டா பொருந்தாது என்பதை இப்பொழுதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டாவின் அமைப்பு

தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் வாயில் செருகிய குண்டு, உள்ளே அடைத்த மருந்து, மருந்தைக் கொளுத்தும் கேப்பு ஆகிய நான்கும் சேர்ந்தது. கேப்பு மருந்து கூட்டின் அடிவிளிம்பைச் சுற்றி உள்ளேயே பூசப்பட்டிருந்தால் அது ரிம்பயர் தோட்டா. 1887-ல் தோன்றி இன்றும் எங்கும் வழங்கும் .22 லாங் ரைபிள் இவ்வகையது. விளிம்பு நசுங்கித் தீப்பிடிக்க வேண்டுமாதலால் கூட்டின் உலோகம் மெல்லியதாகவே இருக்க வேண்டும். மெல்லிய கூடு அதிக அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே அதன் 40 கிரெயின் குண்டு விநாடிக்குச் சுமார் 1,200 அடி வேகத்துக்கு மேல் அதிகம் போவதில்லை. எழுபது எண்பது கெஜத்துக்குள் முயல், அணில் ஆகியவற்றுக்கு அது போதும், வுட்சக்குக்குப் போதாது.

அடிப்பாகத்தின் நடுவில் தனியாக ஒரு கேப்பைப் பதித்திருந்தால் அது சென்டர்பயர் தோட்டா. இதன் கூடு தடித்தது. அதிக மருந்தையும் அழுத்தத்தையும் தாங்கும். குழலின் குறுக்களவு முன்போலவே அங்குலத்தில் நூற்றில் 22 பங்குதான். ஆனால் வேகம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கூடும். வேகம் கூடினால் குண்டு நேர்க்கோட்டுக்கு நெருக்கமாகச் செல்லும். தூரத்தைக் கண்ணால் மதிப்பதில் சிறிது பிசகினாலும் குறி தவறாது. மேலும் இக்குண்டுகளின் மேலுறை மெல்லியதாகச் செய்யப்படுவதால் பட்டவுடன் உடைந்து சிதறும். பிராணி சித்திரவதைப்படாமல் உடனே சாகும்; குண்டு அப்பால் போவதும் குறையும்.

தோட்டாக்களின் வரிசை

இவ்வரிசையில் மூத்ததும் சாதுவானதும் .22 ஹார்னெட். ஹார்னெட் என்றால் குளவி. பழைய கருமருந்துத் தோட்டா ஒன்றை எடுத்து, ஸ்பிரிங்பீல்டு ஆயுதசாலையைச் சேர்ந்த சிலர் 1920-களில் புதுமருந்து இட்டுப் பரீட்சித்தனர். 1930-ல் வின்செஸ்டர் கம்பெனியார் அதைச் செய்து விற்கலாயினர். 45 கிரெயின் குண்டு, விநாடிக்குச் சுமார் 2,690 அடி வேகம். மருந்து பன்னிரண்டு கிரெயின் அளவே செல்லும். ஓசை குறைவு, உதைப்பு இல்லையென்றே சொல்லலாம். நூறு கெஜத்துக்குக் குறிவைத்துப் பொருத்திய ஹார்னெட்டின் குண்டு இருநூறு கெஜத்தில் ஏழெட்டு அங்குலம் தாழ்ந்து விழும். ஆகையால் நூற்றைம்பது கெஜம் வரையில் இதை நம்பலாம்.

1935-ல் வெளிவந்த .220 ஸ்விப்ட் இதற்கு நேர்மாறானது. 48 கிரெயின் குண்டை விநாடிக்கு 4,110 அடி வேகத்தில் செலுத்திற்று. அக்காலத்தில் இது பெரிய அதிசயமாயிருந்தது. ஆனால் அவ்வளவு மருந்து சிறு துவாரத்தின் வழியே எரிந்து செல்வதால் குழலின் உட்புறம் விரைவில் அரிக்கப்படுகிறது என்ற குறையும் கூடவே எழுந்தது. வேகத்துக்கு விலை உண்டு என்பதை விவசாயிகள் இதனிடமிருந்து தெரிந்துகொண்டனர்.

இவ்விரண்டுக்கும் நடுவழியாக 1950-ல் .222 ரெமிங்டன் வந்தது. 50 கிரெயின் குண்டு, 3,140 அடி வேகம். குறிதவறாமைக்குப் பேர் பெற்றது. பந்தயச் சுடுகளங்களில் நெடுங்காலம் முதலிடம் வகித்தது. இதன் கூட்டைச் சற்று நீட்டி, அமெரிக்கச் சேனையின் புதிய ரைபிளுக்காக அமைத்ததே .223 ரெமிங்டன். 1964 முதல் பொதுஜனங்களுக்கும் விற்கப்பட்டது. 55 கிரெயின் குண்டு, 3,240 அடி வேகம். இருநூறு கெஜத்துக்குப் பொருத்தினால் முந்நூறில் ஆறேழு அங்குலமே தாழும். இன்று இவ்வகையில் மிகுதியாய்ச் செய்யப்படுவதும், மலிவாய்க் கிடைப்பதும், சிறு ஊர்க் கடையிலும் இருப்பதும் இத்தோட்டாவே. ஓர் எச்சரிக்கை: சேனைக்கென்று செய்யும் 5.56 மில்லிமீட்டர் தோட்டா பார்வைக்கு இதைப் போலவே இருக்கும். ஆயினும் .223 என்று மட்டும் பொறித்த ரைபிளில் அதைப் போடலாகாது. அழுத்தம் வரம்பு மீறக்கூடும்.

அடுத்தது .22-250 ரெமிங்டன். .250 சாவேஜ் என்ற தோட்டாவின் கழுத்தைச் சுருக்கித் துப்பாக்கி அபிமானிகள் தாங்களே பல வருஷங்களாகச் செய்துவந்ததை 1965-ல் கம்பெனியார் முறைப்படுத்தினர். 55 கிரெயின் குண்டு, 3,680 அடி வேகம். மருந்து .223-க்கு வேண்டியதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. முந்நூறு கெஜத்துக்கும் அதற்குச் சற்று மேலும் உதவும். பின்னாளில் 1971-ல் .17 ரெமிங்டனும், 2004-ல் .204 ரூகரும் வந்தன. இவற்றின் குண்டுகள் மிகச் சிறியவை, மிக விரைந்தவை. உதைப்பு அற்பமாதலால் சுட்ட குண்டு பட்ட இடத்தைச் சுடுகிறவனே கண்ணாடியில் காணலாம்.

மூன்று பண்ணைகள்

இப்பெயர்களைக் கேட்டு மயங்க வேண்டாம். மூன்று விதப் பண்ணைகளை மனத்தில் நிறுத்திப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

முதலாவது, கிழக்குப் பகுதியில் ஒரு சிறு பண்ணை. நாற்புறமும் வீடுகள், பாதை, பக்கத்துப் பண்ணையின் பசுமாடுகள். நூறு நூற்றைம்பது கெஜத்துக்குமேல் வெளி இல்லை. இங்கே ஹார்னெட் போதும். அதற்கு மேற்பட்டது அண்டை அயலாருக்கு ஓசையும் அச்சமுமே தரும்.

இரண்டாவது, சற்று விசாலமான தீவன வயல்கள். இருநூறு, இருநூற்றைம்பது கெஜம் வரையில் பார்வை செல்லும். இதற்கு .222 அல்லது .223. புதிதாய் வாங்குகிறவனுக்கு .223 என்பதே பெரும்பாலார் அபிப்பிராயம். காரணம் அது சிறந்ததென்பதன்று. தோட்டா எளிதாய்க் கிடைக்கும் என்பதே.

மூன்றாவது, மேற்கின் மேய்ச்சல் வெளி. மரமில்லை, வேலியில்லை, காற்றுக்கு ஓய்வில்லை. முந்நூறு கெஜம் அங்கே சாதாரண தூரம். இதற்கு .22-250 தகும். கயோட்டியே முக்கியப் பகையானால் 1955-ல் வந்த .243 வின்செஸ்டரையும் கருதலாம். அதன் குண்டு கனமானது. காற்றில் குறைவாக விலகும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மணிக்குப் பத்து மைல் வேகமுள்ள காற்று குறுக்கே வீசினால், இருநூறு கெஜத்தில் ஹார்னெட் குண்டு எட்டு ஒன்பது அங்குலம் விலகும்; .22-250 நான்கு அங்குலத்துக்கு அருகில் விலகும். வுட்சக்கின் உயிர்நிலை நான்கு அங்குல அகலமே. ஆகவே மரக்கிளை ஆடும் நாளில் ஹார்னெட்காரன் வீட்டிலிருப்பதே பிராணிக்கும் அவனுக்கும் நன்று. உடனே கொல்ல முடியாத குண்டைச் சுடாதிருப்பதே முறை. காயம்பட்ட பிராணி வளைக்குள் போய்ப் பல நாள் துன்புற்றுச் சாகும்.

ரைபிளின் உறுப்புகள்

தோட்டா நிச்சயமான பிறகே ரைபிளைப் பார்க்க வேண்டும். கையால் இழுத்துத் தள்ளும் போல்ட்டு உடைய ரைபிளே இவ்வேலைக்கு ஏற்றது. பொறி எளிது, சுத்தம் செய்வது எளிது, உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது போல்ட்டைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரியும். ஒரே தோட்டா போடும் ரைபிளும் குறைவானதன்று. ஒன்றுதான் உண்டு என்ற எண்ணமே சுடுகிறவனைப் பொறுமையாளனாக்கும்.

குழல் தடித்ததா, மெல்லியதா? வயல் வயலாக நடந்து திரிகிறவனுக்கு ஏழு ராத்தலுக்கு உட்பட்ட மெல்லிய குழல் நன்று. ஓரிடத்தில் அமர்ந்து பல குண்டுகள் சுடுகிறவனுக்கு ஒன்பது பத்து ராத்தல் எடையுள்ள தடித்த குழல் நன்று. அது மெதுவாகச் சூடேறும், அசைவும் குறையும். இரண்டு வேலைக்கும் ஒன்றே வேண்டுமென்பவன் நடுத்தர எடையைக் கொள்ள வேண்டும்.

குழலின் உட்புறம் திருகுபுரி வெட்டியிருப்பது குண்டைச் சுழலச் செய்வதற்காகும். எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று என்பதைக் கேட்டறிய வேண்டும். ஹார்னெட்டுக்கு வழக்கம் பதினாறு அங்குலம்; .222, .22-250 ஆகியவற்றுக்குப் பதினான்கு. .223 ரைபிள்களில் பன்னிரண்டு, ஒன்பது, எட்டு, ஏழு என்று பல உண்டு. நீண்ட குண்டுக்கு விரைந்த சுற்று வேண்டும். ஈயமில்லாத செப்புக் குண்டு அதே எடையுள்ள ஈயக் குண்டைவிட நீளமானது; அதை உபயோகிக்க நினைப்பவன் இவ்விஷயத்தை முன்பே கவனிப்பது அவசியம். கலிபோர்னியா ராஜ்யத்தில் 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாதென்று சட்டமாயிற்று. சுடப்பட்ட பிராணியைத் தின்னும் கழுகு முதலிய பறவைகளை ஈயத்தூள் கொல்லுகிறது என்பதே அதற்குக் காரணம்.

விசை, இழுப்பதற்குக் கனமின்றியும் இடறலின்றியும் இருக்க வேண்டும். ஆயினும் தட்டினால் விழும்படி இளகியிருக்கக் கூடாது. குறிபார்க்கும் தொலைநோக்கிக் கண்ணாடி இன்றியமையாதது. பணத்தை ரைபிளில் எல்லாம் செலவிட்டுக் கண்ணாடியில் மிச்சம் பிடிப்பது தவறான சிக்கனம். தெளிவாய்த் தெரியாததை எந்தக் குழலும் சுட்டுத் தராது. நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு வரை பெருக்கிக் காட்டும் கண்ணாடி பெரும்பாலான பண்ணைக்குப் போதும்.

வாங்கியவுடன் செய்யும் சோதனை

நூறு கெஜத்தில் ஒரு காகிதத்தை மாட்டி, கட்டையை மணல் மூட்டையின்மேல் வைத்து, அவசரமின்றி ஐந்து குண்டு சுட வேண்டும். ஐந்தும் ஓரங்குல வட்டத்துக்குள் அமைந்தால் இருநூறில் இரண்டு அங்குலம், முந்நூறில் மூன்று அங்குலம் என்று கொள்ளலாம். வுட்சக்குக்கு அது போதும். நூறிலேயே மூன்று அங்குலம் பரவினால் நூற்றிருபது, நூற்றுமுப்பது கெஜமே அந்த ரைபிளின் எல்லை. ஒரே ரைபிள் ஒரு கம்பெனியின் தோட்டாவை நன்றாய்ச் சுடும், மற்றொன்றைச் சிதறடிக்கும். ஆகையால் முதலில் இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி மட்டும் வாங்கிச் சோதித்த பிறகே மொத்தமாய் வாங்குவது நலம்.

இச்சோதனையின்போதும் பிறகும் காதுக்கு அடைப்பு வேண்டும். இத்தோட்டாக்களின் ஓசை காதின் நரம்பை மீளாதபடி கெடுக்கும்.

செலவுக் கணக்கு

கூட்டுறவு இலாகாக்காரன் கணக்கைப் பேசாமல் விடமாட்டான் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள், எதிர்பார்ப்பது சரியே. ரைபிளின் விலை ஒரு முறை கொடுப்பது. தோட்டாவின் விலை என்றும் கொடுப்பது. பத்து வருஷக் கணக்கைப் பார்த்தால் பின்னதே பெரிது. மருந்து அதிகமுள்ள தோட்டா விலையும் அதிகம், குழலைத் தேய்ப்பதும் அதிகம். ஆகையால் நூற்றைம்பது கெஜ வயலுக்கு முந்நூறு கெஜத் தோட்டா வாங்குகிறவன் ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் வேண்டாத வட்டி கட்டுகிறான்.

இன்னொன்று. ஒரு வருஷத்தில் அப்பிராணியால் உண்டாகும் சேதம் இவ்வளவு, ரைபிளால் மிஞ்சுவது இவ்வளவு என்று எழுதிப் பார்க்க வேண்டும். மிஞ்சுவது செலவை ஈடு செய்யாவிட்டால் அது விவசாயக் கருவியன்று, பொழுதுபோக்கு. பொழுதுபோக்கைக் கைப்பணத்தில் செய்துகொள்ளட்டும். அதற்காகக் கடன் வாங்குவது தகாது.

டிராக்டர், மருந்து தெளிக்கும் கருவி முதலியவற்றைச் சங்கம் வாங்கி அங்கத்தினருக்கு முறைவைத்து வாடகைக்குக் கொடுக்கலாம். துப்பாக்கியை அவ்விதம் செய்யலாகாது. அதற்குப் பொறுப்பாளி பெயர் தெரிந்த ஒரே மனிதனாக இருக்க வேண்டும். பலர் கைக்குப் போகும் துப்பாக்கிக்கு எவரும் பொறுப்பாளியல்லர்.

தவறிய குண்டு

இனி எல்லாவற்றிலும் முக்கியமானதைச் சொல்லுகிறேன். இச்சிறு குண்டு, முகவாயை மேலே தூக்கிச் சுட்டால் ஒன்றரை மைலுக்கு மேலும் செல்லக்கூடியது. பட்டால் சிதறும் என்பது உண்மை. ஆனால் எதிலாவது பட்டால்தானே சிதறும்? ஆகையால் பிராணிக்குப் பின்னால் மண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விசையில் விரல் வைக்க வேண்டும். மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கிச் சுடுவது உத்தமம். வரப்பின் உச்சியில் வானத்தைப் பின்புலமாகக் கொண்டு நிற்கும் பிராணியைச் சுடவே கூடாது. அதன் பின்னால் என்ன இருக்கிறதென்று எவருக்கும் தெரியாது. கல்லின்மேலும் நீரின்மேலும் சுடலாகாது, குண்டு எகிறும். அந்தி மயக்கத்தில் புதர் அசைவதைக் கண்டு சுடுவதனால் மனிதர் மாண்டிருக்கின்றனர்.

சுடாத வேளையில் தோட்டா வேறு, ரைபிள் வேறு என்று பூட்டி வைக்க வேண்டும். பிரிட்டனில் 1968-ஆம் வருஷத்துச் சட்டப்படி இத்தகைய ரைபிளுக்குப் போலீஸாரின் அனுமதிப் பத்திரம் வேண்டும். தகுந்த காரணம் காட்டினாலன்றி அது கிடைப்பதில்லை. தடித்த குழலுக்கும் நல்ல கண்ணாடிக்கும் செலவிட்டுவிட்டுக் குண்டைத் தடுக்கும் மண்மேட்டைப் பாராமல் சுடுகிறவன் கையில் அந்த நல்ல ரைபிளே பெருங்கேடாகும்.

துப்பாக்கியால் தீருமா?

நண்பர்களே, துப்பாக்கி ஒரு குற்றவாளியை நீக்கும். ஒரு குலத்தை அடக்காது. 1859-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டை விளையாட்டுக்காக இருபத்துநான்கு முயல்களைத் தருவித்து விட்டார். ஐம்பது அறுபது வருஷங்களில் அவற்றின் சந்ததி அக்கண்டத்தின் பெரும்பகுதியில் பரவிற்று. சுட்டார்கள், கண்ணி வைத்தார்கள், மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை நெடுந்தூர வேலியும் போட்டார்கள். முயலின் தொகையை முதன்முதலில் உண்மையாய் இறக்கியது 1950-ல் பரவவிட்ட மிக்ஸமடோஸிஸ் என்னும் நோயே. வளையை இடித்து மூடுவதும் வேலியடைப்பதும் அண்டைப் பண்ணைகளெல்லாம் ஒரே காலத்தில் செய்தால்தான் பயன் நிலைக்கும் என்று அங்குள்ளோர் கண்டனர். ஒருவன் வயலில் சுட்டால் பக்கத்து வயலிலிருந்து வந்து நிரம்பும். கூட்டுறவுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமோ?

மறுபுறமும் ஒன்று உண்டு. கேடு செய்யும் பிராணி என்பது நாம் வைத்த பெயர். பிரெய்ரி நாய்களை விஷம் வைத்து ஒழித்ததாலும், புல்வெளியை உழுததாலும், பிளேக் நோயினாலும் அவற்றையே இரையாகக் கொண்ட கருங்கால் பெரட் என்ற சிறு பிராணி அழிந்துவிட்டதென்றே எண்ணப்பட்டது. 1981-ல் வையோமிங் ராஜ்யத்தில் ஒரு சிறு கூட்டம் அகப்பட்டது. 1987-ல் காப்பாற்றி எடுத்தவை பதினெட்டே. அவற்றிலிருந்து வளர்த்துத்தான் மீண்டும் காட்டில் விட நேர்ந்தது. பிரெய்ரி நாய்களில் யூட்டா என்னும் இனமே 1973 முதல் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. ஆகையால் எந்த இனம், எந்தக் காலம், எவர் நிலம் என்று அறியாமல் சுடுவது அந்நாட்டிலும் குற்றமாகலாம்.

நம் நாட்டில்

இவற்றையெல்லாம் கேட்டு, நாமும் ஒன்று வாங்கலாமே என்று எவரேனும் எண்ணினால் அவருக்குச் சொல்லுகிறேன். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்சு இல்லாமல் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பது குற்றம். அச்சட்டத்தின் 13-வது பிரிவில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று எடுத்துச் சொல்லியிருப்பது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையே, ரைபிளை அன்று. அந்த லைசென்சும் வனவிலங்கைக் கொல்ல அனுமதியாகாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனியே நிற்கிறது. அதில் கேடு செய்யும் பிராணிகளுக்கென்று முன்னிருந்த ஐந்தாம் அட்டவணை 2022-ஆம் வருஷத் திருத்தத்தினால் எடுபட்டது. மத்திய சர்க்கார் குறித்த இடத்துக்கும் காலத்துக்கும் ஒரு பிராணியைக் கேடு செய்வதென்று அறிவிக்க 62-வது பிரிவு இடமளிக்கிறது. அவ்வறிவிப்பு இல்லாமல் நாமே தீர்ப்புச் சொல்ல முடியாது. மயில் தின்றாலும் அது முதல் அட்டவணையிலுள்ள தேசியப் பறவை.

நம்மை வாட்டுவது பெரும்பாலும் காட்டுப்பன்றி. அதற்கு இன்று நான் சொன்ன .22 குழல் தோட்டாக்கள் ஏற்றவையுமல்ல. காயப்படுத்தி ஆளின்மேல் பாயச் செய்யும். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடுவதற்கில்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். விவசாயி செய்ய வேண்டியது சேதத்தை உடனே எழுதி வனத்துறையாருக்கு அறிவிப்பது, கிராமத்தார் சேர்ந்து வேலியும் இரவுக் காவலும் ஏற்படுத்துவது. இதற்குச் சங்கம் முன்னின்றால் கணக்கும் சரியாயிருக்கும், காவலும் விடுபடாது.

முடிவாக, மேல்நாட்டு விவசாயியின் ரைபிளைவிட அவன் அதைத் தேர்ந்தெடுக்கும் முறையே நமக்குப் பெரிதும் உதவும். வயலை முதலில் பார், தேவையை அளந்துகொள், அளவுக்கு மேற்பட்டதை வாங்காதே, தவறினால் யாருக்குத் தீங்கென்று எண்ணு. எந்தக் கருவியை வாங்குவதற்கும் இவை பொருந்தும்.